மாசற்ற கண்ணாடியின் சான்று

நுணுக்குக்காட்டியின் வரலாறு பெரும்பாலும் உருப்பெருக்கத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதன் உறுப்புகளைத் தூயனவாகப் பேணும் உழைப்பு அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. எனினும், கருவி காட்டுவதை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பது அவ்வுழைப்பே. இதனை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று ஊவா மலைத்தோட்டங்களிலே தொடங்குகிறது.

2014ஆம் ஆண்டு மண்சரிவினால் உலகறிந்த மீரியபெத்த பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று தேயிலைக்குப் பேர்பெற்ற அம்மாவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பியே செழித்திருந்தது. 1869இல் அங்குள்ள மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி, அது ஒரு புதிய பங்கசு எனக் கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். வித்தியின் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் முட்களுடனும் இருப்பதால், ‘பாதி வழவழப்பானது’ எனப் பொருள்படும் முதற்பெயர் அதற்கு வாய்த்தது.

நோய் எவ்வாறு பரவுகிறது என்னும் வினா நீடித்தது. 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்ட், கிளிசரீன் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றுப்பட வைத்து, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். காற்றே நோயைச் சுமந்து சென்றது. தகடு முன்னரே மாசுபட்டிருப்பின், வந்தது எது, இருந்தது எது எனப் பிரித்தறிதல் இயலாது, சான்றும் சான்றாகாது.

உண்மை துலங்கியபோது காலம் கடந்திருந்தது. மலைகள்தோறும் இடையீடின்றிப் பயிரிடப்பட்டிருந்த கோப்பி அழிந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் வேலை இழந்தனர். கோப்பி அகன்ற நிலத்தைப் பின்னர்த் தேயிலை கைக்கொண்டது.

1931இல் பேர்லினில் நொல், ருஸ்கா ஆகிய இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு வித்திட்டனர். ஒளிக்குப் பதிலாக இலத்திரன் கற்றை வந்ததும் தூய்மையின் தேவை மேலும் கடுமையாயிற்று. வெறுங்கை பட்ட உறுப்பிலுள்ள எண்ணெய்ப்பசை வெற்றிடத்தில் ஆவியாகும். கற்றை பட்டதும் சிதைந்து கரிப்படலமாகும். அப்படலத்தில் மின்னேற்றம் தேங்கினால் கற்றை விலகும், உருவம் மங்கும். ஆகவே உலோக உறுப்புகளை மெருகிட்டு, கரைப்பானிற் கழுவி, நன்கு உலர்த்தி, கையுறையுடனேயே மீளப் பொருத்துவர்.

கற்றையைக் கட்டுப்படுத்தும் தகட்டின் துவாரம் சிலவேளை 30 மைக்குரோமீற்றர் அளவினது. கோப்பி நோயின் வித்தியும் ஏறத்தாழ அதே அளவினது. ஒரு தோட்டத்தை அழிக்கத் தொடங்கும் அச்சிறு துகள் ஆராய்ச்சியின் கண்ணையே மறைக்கவும் வல்லது. துடைப்பவரின் கை அறிவியலுக்குப் புறம்பானதன்று. அறிவியலின் நேர்மை அக்கையிலேயே தொடங்குகிறது.