அந்தமான் நிக்கோபார்: காட்டுயிரும் இயற்கைப் பயணமும்

வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் நடுவே, வடக்கு தெற்காக 700 கி.மீ.க்கும் மேல் நீளும் தீவுக்கூட்டம். மியான்மாரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அதன் முகடுகள் மட்டும் மேலே தெரிவதாகக் கொள்ளலாம். பாறைத்திட்டுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 800ஐத் தாண்டும். மக்கள் வாழ்வது நாற்பதுக்கும் குறைவான தீவுகளில்தான். மொத்தப் பரப்பு 8,249 ச.கி.மீ. அதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் காடு.

இந்தக் காட்டில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், அடித்துத் தின்ன விலங்கு இல்லாததால் பெருகி, முளைவிடும் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டுக் கைவிடப்பட்ட யானைகளின் வழிவந்தவை இன்டர்வியூ தீவில் காட்டு யானைகளாகத் திரிகின்றன. ஆனால் தீவுகளின் சொந்தச் செல்வம் பறவைகளும் கடல்வாழ் உயிர்களுமே.

நார்கொண்டம் இருவாச்சி உலகிலேயே ஒரே ஒரு தீவில்தான் உண்டு. அந்தத் தீவின் பரப்பு 7 ச.கி.மீ.கூட இல்லை. முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு கீற்று மட்டும் திறந்திருக்கும். அதன் வழியாகச் சேவல் பழங்களை ஒவ்வொன்றாக ஊட்டும். சேவலுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பவற்றின் பாடு திண்டாட்டம்தான். சாதாரணப் பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. அது சரியான முடிவு. பறவை பார்க்க விரும்புவோருக்கு, ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குத் தெற்கே உள்ள சிடியா டாபு போதும்.

பவளப்பாறைகளைக் காண வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் போகிறார்கள். ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாகத் திறக்கிறார்கள். ஒன்றில் ஆள் நடமாடும்போது மற்றது ஓய்வெடுக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குப் படகில் இடமில்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். ஓடைமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

பாரதாங் தீவுக்குச் செல்லும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடறுக்கிறது. அவர்களைப் படமெடுப்பதும் அவர்களுக்கு உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அவர்களைக் காணும் ஆவலில் அந்த வழியில் போவது காட்டுயிர்ப் பயணமே அல்ல.

வட அந்தமானின் காலிப்பூர் கடற்கரையில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என நான்கு வகையும் முட்டையிட வருகின்றன. ஏழுவரி ஆமை கடலாமைகளிலேயே பெரியது. முதுகில் கெட்டியான ஓடு கிடையாது, தோல் போர்த்திய ஏழு வரம்புகள்தான். இரவில் கரையேறிப் பின்துடுப்புகளால் குழி தோண்டும்போது, கண்ணில் படியும் மணலை வடியும் நீர் கழுவிக்கொண்டே இருக்கும். கைவிளக்கின் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

இந்த ஆமைக்கு இந்தியாவிலுள்ள முதன்மையான கரைகளில் ஒன்று பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா. 2004 ஆழிப்பேரலையை ஒட்டிய நிலநடுக்கத்தில் அந்தத் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது, கரை அழிந்தது. பின்னர் மணல் மெல்லச் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பி வந்தன. 2021இல் அந்த விரிகுடாவின் சரணாலயத் தகுதி நீக்கப்பட்டது. சரக்குப் பெட்டக முனையம் உள்ளிட்ட பெருந்திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. முனையத்துக்குக் குறிக்கப்பட்ட இடம் அதே விரிகுடா.