சென்னையில் பிறந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர்

ஓட்டல் சமையலறை சுத்தமாக இருக்கிறதா, குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிறதா, தொழிற்சாலைத் தூசியும் புகையும் மனிதர்களின் மூச்சைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது. நம் ஊரில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்பார்கள். இலங்கையில் பி.எச்.ஐ. என்பார்கள். இங்கிலாந்தில் இன்று இதற்குச் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி என்று பெயர். டாக்டர், இன்ஜினியர் போல இதுவும் படித்துத் தேர்ச்சி பெற்றுச் சேர வேண்டிய வேலைதான். இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்தக் காலத்திலேயே படித்து இந்த வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை நல்ல பதில் சொல்லும். அவர் பிறந்தது நம் சென்னையில் என்பது கூடுதல் செய்தி!

தொழில் பிறந்த கதை

முதலில் இந்த வேலை எப்படி உருவானது என்று பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குக் கிராமத்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். லிவர்பூல் நகரில் ஆயிரக்கணக்கான ஏழைகள் வெளிச்சமும் காற்றும் இல்லாத நிலவறைகளில் குடியிருந்தார்கள். காலராவும் டைபஸ் காய்ச்சலும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. 1846-ல் அந்த நகரத்துக்கென்றே ஒரு சுகாதாரச் சட்டம் வந்தது. 1847-ல் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன், நாட்டின் முதல் சுகாதார மருத்துவ அதிகாரியாகப் பதவியேற்றார். அவரோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாமஸ் ஃப்ரெஷ். அவருடைய பதவியின் பெயர் 'தொல்லைகளின் ஆய்வாளர்'! கேட்க வேடிக்கையாக இருக்கலாம். நிரம்பி வழியும் கழிவுக் குழி, அழுகிய இறைச்சி, அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாமே சட்டத்தின் பார்வையில் 'தொல்லை'கள்தான்.

1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்து முழுவதும் இப்படிப்பட்ட ஆய்வாளர்களை நியமிக்க வேண்டியதாயிற்று. ஆனால் இவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்பதில் தெளிவு இல்லை. 1876-ல் லண்டனில் தொடங்கப்பட்ட சானிட்டரி இன்ஸ்டிடியூட் என்ற அமைப்புதான் இதற்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. வடிகால், குடிநீர், காற்றோட்டம், உணவு, சட்டம் என்று பாடங்கள் வகுக்கப்பட்டன. குப்பையைப் பார்த்து முகம் சுளிப்பதற்குப் பதிலாக, அதை அளந்து எழுதிச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் ஒரு தொழில் இப்படித்தான் உருவானது.

லூசி டீன்

லூசி டீன் 1865-ல் சென்னையில், ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் மகளாகப் பிறந்தார். அப்பா 1881-ல் தென்னாப்பிரிக்காவில் போயர்களுடன் நடந்த போரில் இறந்துபோனார். சில ஆண்டுகளில் அம்மாவும் காலமானார். உயர்குடிப் பெண்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதையே குறைவாக நினைத்த காலம் அது. லூசியோ நேஷனல் ஹெல்த் சொசைட்டி என்ற சங்கத்தில் சுகாதாரம் படித்து, ஆய்வாளர் வேலைக்குத் தயாரானார்.

வாய்ப்பும் வந்தது. 1891-ஆம் ஆண்டுச் சட்டம், சிறு பட்டறைகளின் சுகாதாரத்தைக் கவனிக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. லண்டனின் கென்சிங்டன் பகுதியில் தையல் பட்டறைகளும் சலவைக் கூடங்களும் ஏராளம். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய குறைகளைக் கேட்டறியப் பெண் ஆய்வாளர்களே பொருத்தம் என்று 1893-ல் லூசி டீனையும் ரோஸ் ஸ்குவயர் என்பவரையும் நியமித்தார்கள். அடுத்த ஆண்டே லூசி மத்திய அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். பெண்களுக்கு அந்தப் பதவி கிடைக்கத் தொடங்கியதே 1893-ல்தான்.

தூசியில் தெரிந்த உண்மை

அந்த நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஓர் அதிசயப் பொருள். தீப்பிடிக்காது, மலிவு, துணியாகக்கூட நெய்யலாம். அதை நூற்று நெய்யும் ஆலைகளில் பெண்கள் நிறைய வேலை பார்த்தார்கள். 1898-ஆம் ஆண்டு அறிக்கையில், ஆரோக்கியத்துக்கு ஆபத்தான தூசி எழும் தொழில்களில் ஒன்றாக ஆஸ்பெஸ்டாஸையும் லூசி டீன் சேர்த்தார். மருத்துவ ஆய்வாளர் அந்தத் தூசியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, துகள்கள் உடைந்த கண்ணாடிபோலக் கூர்மையாக இருந்தன. அது காற்றில் மிதக்கும் அறைகளில் வேலை செய்பவர்களின் நுரையீரல் கெடுகிறது என்று லூசி தெளிவாக எழுதினார். அந்த அறிக்கை அரசாங்கத்தால் அச்சிடப்பட்டு வெளியானது.

அதன் பிறகு என்ன நடந்தது? ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை!

காரணங்கள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் நோய் ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுகள் உள்ளே இருந்து அரிக்கும். மூச்சு வாங்க ஆரம்பித்தவர் வேலையை விட்டுப் போய்விடுவார், ஆலையில் மிஞ்சியிருப்பவர்கள் ஆரோக்கியமாகவே தெரிவார்கள். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் லாபம் மட்டும் இருக்கும். வைத்தியச் செலவும் சாவுச் செலவும் தொழிலாளி வீட்டுக் கணக்கில் ஏறும். இரண்டு கணக்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க அன்று ஆள் இல்லை.

1924-ல் நெல்லி கெர்ஷா என்ற ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளி 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் குக், அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதன்பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 1930-ல் வெளியான மியர்வெதர்-பிரைஸ் அறிக்கை, பரிசோதித்த 363 தொழிலாளர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் மேல் நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. 1931-ல் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. லூசி எழுதி 33 ஆண்டுகள் கழித்து! பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்தது 1999-ல், அதாவது 101 ஆண்டுகள் கழித்து.

எதிரியின் குழந்தைகள்

லூசியின் வேலை தொழிற்சாலைகளோடு நிற்கவில்லை. 1901-ல், இரண்டாம் போயர் போரின்போது, போயர் குடும்பங்களை பிரிட்டிஷ் ராணுவம் முகாம்களில் அடைத்து வைத்தது. தட்டம்மையாலும் டைபாய்டாலும் அங்கே சுமார் 26,000 பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். அந்த முகாம்களைப் பார்வையிட மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் சென்ற பெண்கள் குழுவில் லூசியும் ஒருவர். தண்ணீர், உணவு, கழிப்பிடம், நர்சுகள் என்று ஒவ்வொன்றையும் சோதித்துக் குறைகளை எழுதினார்கள். போயர்களோடு நடந்த போரில் தந்தையை இழந்த மகள், அதே போயர்களின் குழந்தைகளைக் காப்பாற்றத் தண்ணீரைச் சோதித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அதே சமயம், கறுப்பின மக்களை அடைத்த முகாம்களை அந்தக் குழு பார்க்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது. அங்கேயும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

இன்றைய படிப்பு

லூசி டீன் 1950-ல் காலமானார். அவர் பார்த்த வேலைக்கு 1956-ல் பொதுச் சுகாதார ஆய்வாளர் என்றும், 1974-ல் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி என்றும் பெயர் மாறியது. பாடங்களும் கூடின. சாக்கடை, காற்றோட்டத்தோடு இப்போது புள்ளியியல், நோய்ப் பரவலியல், நச்சியல் எல்லாம் படிக்க வேண்டும். இது வெறும் சுமை அல்ல. லூசியின் கண் சரியாகத்தான் பார்த்தது. ஆனால் எத்தனை பேர் வேலை செய்தார்கள், எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற எண்ணிக்கை அவரிடம் இல்லை. 1930-ல் அந்த எண்ணிக்கை கிடைத்த மறு ஆண்டே விதிகள் வந்துவிட்டன.

ஆகவே இந்தத் துறையைப் படிக்க நினைக்கும் மாணவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஆபத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கேட்க விரும்பாதவர்களையும் கேட்க வைக்கிற அளவுக்கு ஆதாரம் சேர்ப்பது மீதிப் பாதி. அதுவரை யாரோ ஒருவர் அந்தத் தூசியைச் சுவாசித்துக்கொண்டேதான் இருப்பார்.