புகை எண்ணும் துணிக்கைக் கணக்கும்

1958ஆம் ஆண்டில் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலாகப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. அவை எழுந்த வழியெல்லாம் கரும்புகை நீண்டு கிடந்தது. விமானத்தளங்களை அண்டி வாழ்ந்தோர் அதனைக் கண்டு முறையிட்டனர்.

ஆதலின் அளவிடும் முயற்சியும் கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கிற்று. இயந்திரம் கக்கும் வாயுவை வெண்ணிற வடிதாளினூடாக இழுத்து, அதிற் படியும் கறையின் கருமையை ஒளித்தெறிப்பினாற் கணித்தனர். அதுவே 'புகை எண்' எனப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா 1973இலும், சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981இலும் இயந்திரப் புகைக்கு எல்லை வகுத்தன.

வாயுக்களை அளக்க வேறொரு கணக்கு வேண்டியிருந்தது. 3,000 அடிக்குக் கீழே ஒரு விமானத்தின் வரவையும் போக்கையும் நான்காகப் பகுத்தனர்: எழுதல் 0.7 நிமிடம், ஏறுதல் 2.2, இறங்குதல் 4, தரையில் ஊர்தலும் காத்திருத்தலும் 26. மெதுவாக இயங்கும்போது எரிபொருள் முற்றாக எரியாமையால் காபனோரொட்சைட்டு மிகும். முழுவலுவில் வெப்பம் மிகுதலால் நைதரசன் ஒட்சைட்டுக்கள் பெருகும்.

ஆயினும், நைதரசன் ஒட்சைட்டுக்கள் மோட்டார் வாகனங்களிலிருந்தும் வருவன. காற்றில் இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? 2010 ஏப்பிரலில் ஐசுலாந்து எரிமலையின் சாம்பல் விடை தந்தது. இலண்டன் ஹீத்ரோவில் விமானங்கள் நின்றன. வீதிகளில் வாகனங்கள் ஓடின. அந்நாட்களிற் பதிவான வீழ்ச்சியைக் கொண்டு விமானத்தளத்தின் பங்கை ஆய்வாளர் கணித்தனர்.

2014இல் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வோ மேலும் வியப்பளித்தது. 100 நனோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள், காற்று வீசும் திசையில் 10 கிலோமீற்றருக்கு அப்பாலும் நான்கு மடங்காகக் காணப்பட்டன. இவற்றுக்கு எடை மிகச் சொற்பம்; ஆகவே நிறுத்துப் பார்ப்பதாற் பயனில்லை, எண்ணியே அறிதல் வேண்டும். ஆவியை அவற்றின்மேல் ஒடுங்கச் செய்து, துளிகளாக்கி எண்ணும் உபாயத்தை, ஸ்கொத்லாந்து விஞ்ஞானி ஜோன் எயிற்கன் விமானமே தோன்றாத 1880களிற் கண்டிருந்தார். இயந்திரங்கள் வெளியிடும் துணிக்கைகளின் எண்ணிக்கைக்குச் சர்வதேச எல்லை வகுக்கப்பட்டதோ 2020இலேதான்.

கரும்புகை மறைந்ததும் முறையீடும் தணிந்தது. காற்று மட்டும் தூய்மையாகவில்லை. புகையைக் கண்டவருக்குக் கண்ணே சாட்சியாயிற்று. பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் அறியாமலே சுவாசிப்பவருக்கு அளவுகருவியையன்றி வேறு சாட்சி இல்லை.