வருமானத்தைப் பின்தொடரும் சலுகை

தனியார் ஓய்வூதியச் சேமிப்புக்கு அரசு தரும் வரிச்சலுகை ஆண், பெண் என்று பார்ப்பதில்லை; வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. அநீதி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பிரிட்டனின் வரலாறு இதற்குச் சான்று.

1806 முதல் அந்நாட்டில் மணமான பெண்ணின் வருமானம் வரிக்கணக்கில் கணவனின் வருமானமாகவே கொள்ளப்பட்டது. வரி அலுவலகத்துக்கு அவள் கடிதம் எழுதினாலும் பதில் கணவனுக்கே போயிற்று. 1970களிலும் இந்த வழக்கம் இருந்தது. (அவன் அதைப் படித்துக் காட்டினானா என்பதை எந்த ஆவணம் சொல்லும்?) தனியொருத்தியாக வரி செலுத்தும் நிலை 1990இல்தான் வந்தது.

இதற்கிடையே 1921ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், ஊழியர் ஓய்வூதிய நிதிகளுக்கு வரிவிலக்கு அளித்தது. செலுத்தும் சந்தாவுக்கும் வரியில்லை, நிதியின் முதலீட்டு வருவாய்க்கும் வரியில்லை. ஆனால் ஓய்வூதியத்துக்கு வழியுள்ள வேலைகள் பலவற்றிலிருந்து, மணமானதும் பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள். அரசுப் பணியிலேயே இத்தடை 1946 வரை நீடித்தது. 1956இல் சுயதொழில் செய்வோருக்கும் சலுகை விரிந்தது; அதற்கும் உழைத்து ஈட்டிய வருமானம் வேண்டும். பிள்ளை வளர்ப்பதும் முதியோரைப் பேணுவதும் சட்டத்தின் கணக்கில் ஈட்டல் அல்ல. வருமானமே இல்லாதவரும் ஆண்டுக்கு 3,600 பவுண்டு வரை சேமித்துச் சலுகை பெறலாம் என்ற விதி 2001இல் வந்தது. வருமானமில்லாதவர் எதிலிருந்து சேமிப்பது என்பது வேறு கேள்வி.

சலுகையின் அளவும் வரி விகிதத்தையே தொடர்கிறது. ஓய்வூதியக் கணக்கில் 100 பவுண்டு சேர, 40 விழுக்காடு வரி கட்டுபவர் இழப்பது 60 பவுண்டு. 20 விழுக்காடு கட்டுபவர் இழப்பது 80. வரி வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவரின் நிலை இன்னும் விசித்திரமானது. வரி கணக்கிடுவதற்கு முன்பே சந்தாவைப் பிடிக்கும் நிறுவனத்தில் அவர் வேலை செய்தால், முழு 100 பவுண்டும் அவருடையதே. அதே சம்பளத்துக்கு வேறொரு நிறுவனத்தில், வரிக்குப் பின் சந்தா பிடிக்கும் முறையில், அரசே 20 பவுண்டு சேர்த்தது. எந்த முறை என்பதைத் தேர்ந்தது முதலாளி, இழந்தவர் ஊழியர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், குறிப்பாகப் பகுதிநேர வேலை செய்பவர்கள்.

2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசு இதைச் சரிசெய்வதாக அறிவித்தது. ஏறத்தாழ 12 லட்சம் பேருக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 53 பவுண்டு கிடைக்கும் என்பது அதன் மதிப்பீடு. 2024-25ஆம் நிதியாண்டு முதல் செலுத்தும் சந்தாவுக்கே இது பொருந்தும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இழந்ததற்கு ஈடு கிடையாது.