சுன்னத்: மதமும் மருத்துவமும்

உத்தமபாளையம், கம்பம் பகுதி ராவுத்தர் வீடுகளுக்குச் சுன்னத் புதிதல்ல. குர்ஆனில் இது நேரடியாக இல்லை. இப்ராஹீம் நபியின் வழிமுறை என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. தமிழ் முஸ்லிம்கள் இதை 'மார்க்கக் கல்யாணம்' என்றும் சொல்வார்கள்.

சரி, மதக் காரணமே இல்லாமல் பிறந்த குழந்தைக்குச் செய்யும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1870-ல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேயர், நடக்க முடியாத சிறுவன் இதனால் குணமானதாக எழுதினார். பிறகு சுயஇன்பத்தைத் தடுக்கும், சுத்தம் என்று காரணங்கள் மாறின. அமெரிக்காவில் வழக்கம் மட்டும் நிலைத்தது. 1949-ல் டக்ளஸ் கெய்ர்ட்னர், குழந்தையின் முன்தோல் பிரியாமல் ஒட்டியிருப்பது இயல்பே என்று எழுதினார். பிரிட்டனில் வழக்கம் தேய்ந்தது.

2007-ல் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. அதிகமுள்ள நாடுகளில் ஆண்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. தொற்று சுமார் 60% குறைகிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் சம்மதம் சொன்ன வளர்ந்த ஆண்கள். தொட்டில் குழந்தையிடம் யார் சம்மதம் கேட்பது?