சுவாமி மலையடியில் ஒரு சினிமா

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பிரித்தானியக் கொடி இறங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே ஒரு வெள்ளைக்கார இளைஞன் கடலுக்குள்ளிருந்து தலை தூக்கிவிட்டான். பெயர் மைக் வில்சன். இவனை விட்டால் பிறகு பிடிக்க முடியாது. கொடி இன்னும் ஒரு வாரம் பறக்கட்டும்.

ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி இவர். அவுஸ்திரேலியப் பவளத் திட்டுகளில் முக்குளித்து முடித்த கையோடு இருவரும் 1956இல் இலங்கைக்கு வந்தார்கள். கிளார்க் எழுதுவார், வில்சன் நீருக்கடியில் படம் பிடிப்பார். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே இறங்கிய வில்சனின் கண்ணில் தூண்களும் செதுக்கிய கற்களும் பட்டன.  போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்கள் அங்கிருந்த கோணேசர் கோயிலை இடித்து மூன்று நூற்றாண்டுக்கு மேலான பிறகு, கடலடியிலிருந்து ஓர் இலிங்கம் இந்த இங்கிலாந்துக்காரர் கையால் கரையேறியது. நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கோணேசரின் திருவிளையாடல் என்பார்கள். நான் மறுக்கப்போவதில்லை.

வில்சன் கல்லோடு நிற்கவில்லை. அந்தக் கடலையே சினிமாவாக எடுத்தார். 1962 ஓகஸ்டில் வெளியான ‘ரன்முத்து தூவ’தான் இலங்கையின் முதல் முழுநீள வண்ணப் படம். பணத்துக்குக் கிளார்க் தோள் கொடுத்தார். சேஷா பலிஹக்காரவும் தயாரிப்பில் சேர்ந்தார். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம, ஜீவராணி குருகுலசூரிய நடித்தார்கள். கடலடிப் புதையல், துரத்தல், காதல், பாட்டு என்று எல்லாம் உண்டு. கதையில் ஆழம் தேடுகிறவர் ஏமாறுவார். ஆழமெல்லாம் கமெரா இறங்கிய தண்ணீரில்தான். அந்த நீலத்தைத் திரையில் பார்க்கவே சனம் திரண்டது, படம் ஓடு ஓடென்று ஓடியது.

எனக்கு வியப்பு அதன் இசைதான். படம் வருவதற்குச் சில ஆண்டு முன்புவரை பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நின்ற துறைமுகம் இது. டொக்யாட்டுக்குள் வெள்ளைக்கார மாலுமிகள் ஆடிய நடன மெட்டெல்லாம் ஊர்க்காற்றில் கலந்திருக்கும். படத்தில் வருகிறவர்களோ புதுக்காலத்து வாலிபர்கள், நீச்சலுடையில் திரிகிறவர்கள். ஆனால் இசையமைத்தவர் லக்னோவில் இந்துஸ்தானி பயின்ற அமரதேவ. றொக் அண்ட் றோல் உலகையே ஆட்டிக்கொண்டிருந்த வேளையில், இந்த இளைஞர்களுக்கு அவர் கொடுத்தது ராகத்தில் ஊறிய மெட்டுகள். நந்தா மாலினி, நாரத திசாசேகர குரல்களில் அந்தப் பாட்டுகள் இன்றும் தென்னிலங்கையில் ஒலிக்கின்றன.

அதே காலத்து இளைஞர்களைப் பற்றிய இன்னொரு படத்துக்காக இலண்டனையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். போருக்குப் பின் வளர்ந்த தலைமுறை, கையில் காசு, ஜாஸ், புதுச்சட்டை, கடைசியில் 1958 நொட்டிங் ஹில் இனக்கலவரம்: இதை வைத்து ஜூலியன் டெம்பிள் ‘அப்சொலூட் பிகினர்ஸ்’ என்ற பாட்டுப்படத்தை 1986இல் எடுத்தார். டேவிட் போவி நடித்தும் படம் தோற்றது. சோஹோ தெருவை ஸ்ரூடியோவுக்குள் செட் போட்டுக் கட்டினார்கள். நம் துறைமுகத்துக்கு அந்தச் செலவு இல்லை, கடல் அங்கேயே கிடந்தது. ஆனால் டெம்பிள் கலவரத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தார். 1958 இலங்கைக்கும் இனக்கலவரத்தின் இரத்த ஆண்டுதான். அது நடந்து நாலே வருடத்தில் வந்த ‘ரன்முத்து தூவ’ புதையல் தேடிக் கடலுக்குள் போய்விட்டது. கோணேசர் கடலில் விளைந்த படத்தின் மொழியும் சிங்களம். வில்சனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் மீன்களுக்கும் கற்களுக்கும் நடுவில் வாழ்ந்தவர். குற்றக் கூண்டில் ஏறவேண்டியவர் பிரதமராயிருந்த பண்டாரநாயக்க. தளத்தை வெள்ளையனிடமிருந்து மீட்ட வீரர் என்று அவரை மெச்சுகிறவர்கள், அதற்கு ஓராண்டு முன்பே தனிச் சிங்களச் சட்டம் போட்ட கையும் அதே கைதான் என்பதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

திருகோணமலைத் தமிழ் இளசுகள் தங்கள் குரலைப் பிறகுதான் கண்டார்கள், அதுவும் சினிமாவில் இல்லை, கிற்றாரில். பரமேஸ் – கோணேஸ் சகோதரர்களின் பொப் பாட்டுகள் பற்றித் தனியே ஒரு வாரம் எழுதும் ஆசை உண்டு.

வில்சன் என்ன ஆனார்? ‘கெட்டவரயோ’, ஜேம்ஸ் பொண்டைக் கிண்டலடித்த ‘சோருங்கெத் சோரு’ என்று மேலும் படங்கள் எடுத்தார். பிறகு கமெராவை வைத்துவிட்டுச் சுவாமி சிவ கல்கி ஆனார். கதிர்காமத்து முருகனடியே கதியென்று இருந்து 1995இல் மறைந்தார். அவர் இலிங்கம் எடுத்த கடலுக்கு மேலே, ‘ரன்முத்து தூவ’ வந்த ஏழாம் மாதம், 1963 மார்ச் 3இல், மறுபடி எழுந்த கோணேசர் கோயிலில் குடமுழுக்கு நடந்தது.

கோணேசர் கோயில் நிர்வாகத்துக்கும் நம் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தமிழில் துணைவரி போட்டு, கடற்கரையில் திரை கட்டி, இந்தப் படத்தை ஒரு தடவை நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.