டிராக்டரில் டிரெய்லர் இணைத்தல்: நசுங்கல் காயங்களும் முதலுதவியும்

தோட்டத்திற்குள் சிறிய டிராக்டரைக் கொண்டு டிரெய்லரை இடம் மாற்றுவது சில நிமிட வேலையே. எனினும், இரண்டிற்கும் இடையே நின்று கொக்கியை மாட்டும்போது விரல், கை, மார்பு ஆகியவை நசுங்கும் அபாயம் உள்ளது.

தவிர்க்கும் முறைகள்

• டிராக்டர் பின்னோக்கி வரும்போது இடையில் எவரும் நிற்கக் கூடாது. கைப்பிரேக் இட்டு, எஞ்சினை அணைத்த பின்னரே டிரெய்லரை இணைக்கவும்.
• கழற்றும் முன் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவும்.
• தாழ்வான இழுவைக் கொக்கியில் மட்டுமே இணைக்கவும். பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், டிராக்டரின் முன்பகுதி எழும்பிப் பின்புறமாகக் கவிழக்கூடும்.
• மட்கார்டின் மீது குழந்தைகளை அமர்த்தாதீர்கள்.

காயம் ஏற்பட்டால்

• இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும்.
• கை வீங்கும் முன் மோதிரம், வளையல்களைக் கழற்றவும்.
• விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்துச் செல்லவும். துண்டான விரல் பனிக்கட்டியில் நேரடியாகப் படக் கூடாது.
• மார்பு, வயிறு, இடுப்பு நசுங்கியிருந்தால் உடனே 108-ஐ அழைக்கவும்.

கவனிப்போர் அறிய வேண்டியவை

தோல் கிழியாத நசுங்கல் காயமும் ஆபத்தானதே. உள்வீக்கம் கூடி இரத்த ஓட்டம் தடைபடலாம். வலி கூடிக்கொண்டே போதல், மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை, தோல் வெளிறுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் எனக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். தோல் கிழிந்திருந்தால், டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேட்டறியவும்.